ஞாயிறு யாருடையது?



1966 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தொடக்கம் நமது நாட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை நாளாயிற்று. இளையோர் பலருக்கு இச்செய்தி புதிதாயிருக்கும். 1965 ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டத்தின்படி, சந்திரனின் நான்கு நிலைகளை ஒட்டிவரும் போயா தினங்களே வார விடுமுறைகளாயின. சந்திரனோ நமது கிழமைக் கணக்கிற்குக் கட்டுப்பட்டு நடப்பவன் அல்லன். ஒரு வாரம் செவ்வாயில் வந்த விடுமுறை சில வாரங்களில் புதனுக்கு நகரும்; பின்னர் வியாழனுக்குப் போகும். கந்தோர்களும் பாடசாலைகளும் ஞாயிறன்று வழக்கம்போல் திறந்திருந்தன.

என் பாட்டனார் அந்நாட்களில் கண்டி நகரில் ஒரு கடையில் கணக்கெழுதினார். குடியிருந்தது கட்டுகஸ்தோட்டைப் பக்கம். ஞாயிறன்று கடை திறக்குமுன் பூசை காண வேண்டுமென்றால் இருட்டோடு புறப்பட வேண்டும். முதல் பஸ்ஸை நம்பினால் பூசை தவறிவிடுமென்று டோர்ச் வெளிச்சத்தில் நடந்தே புனித அந்தோனியார் பேராலயம் வந்து சேர்வாராம். பூசை முடிந்ததும் நேரே கடைக்குப் போய்ப் பேரேட்டைத் திறப்பார். பாட்டியார் பிள்ளைகளுடன் வேறொரு நேரத்துக்குப் போவார். மாலைப் பூசைக்குப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1953 ஆம் ஆண்டிலேயே வழிதிறந்து வைத்திருந்தது அந்தக் காலத்தில் எத்தனை குடும்பங்களுக்கு உதவியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அச்சட்டத்தைக் கொண்டுவந்தவர்களைப் பழிக்க நான் புறப்படவில்லை. ஞாயிற்றை எல்லோர் தலையிலும் ஏற்றிவைத்தது அந்நியர் ஆட்சி. இந்நாட்டின் பெரும்பான்மையினரான பௌத்த மக்கள் தங்கள் புனித நாளில் தங்களுக்கும் ஓய்வு வேண்டுமென்று கேட்டது நியாயமான கேள்வியே. பௌர்ணமிப் போயா இன்றும் நம் எல்லோருக்கும் விடுமுறையாயிருப்பது நல்லதே. வெளிநாட்டு வர்த்தகத்திற்கு இடைஞ்சலாயிருந்தமையால் 1971 இல் ஞாயிறு மறுபடியும் வார விடுமுறையாயிற்று. வியாபாரக் கணக்கே நமது கர்த்தருடைய நாளைத் திருப்பிக் கொடுத்தது என்பதை ஒரு வேடிக்கையாகவே நான் எண்ணுவதுண்டு.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. சட்டம் எடுத்துக்கொண்ட ஞாயிற்றை அந்தக் கணக்கப்பிள்ளை இருட்டில் நடந்து காப்பாற்றினார். இன்றைக்கு நமது ஞாயிற்றை எந்த அரசும் எடுக்கவில்லை. எந்தத் துரையும் கேட்கவில்லை. நாமே அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி, துண்டு துண்டாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கைத்தொலைபேசியைப் பற்றித்தான் பேசுகிறேன். பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வானொலி வந்தபோதும், 1982 இல் ரூபவாஹினி வந்தபோதும் குருவானவர்கள் இப்படித்தான் பயமுறுத்தினார்கள் என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் அந்நாளைய தொலைக்காட்சிக்கு ஒரு முடிவு இருந்தது. இரவில் ஒளிபரப்பு முடியும்; பெட்டி வெறும் பெட்டியாகிவிடும். பத்திரிகைக்கும் கடைசிப் பக்கம் உண்டு. நமது வார இதழின் கடைசிப் பக்கம் இன்னும் சற்று முந்தி வந்தால் நல்லது என்று நினைக்கும் வாசகர்களும் இருக்கிறார்கள்! கைத்தொலைபேசியின் திரைக்கோ கடைசிப் பக்கம் என்பதே கிடையாது. கீழே போகப் போகப் புதிது புதிதாக வந்துகொண்டேயிருக்கும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. இம்முறையை 2006 ஆம் ஆண்டில் வடிவமைத்த ஏசா ரஸ்கின் என்னும் அமெரிக்கர், மனிதர் தம் விருப்பத்திற்கு மேலாக அதிலேயே கிடப்பதைக் கண்டு பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார். கிண்ணத்தின் அடி தெரிந்தால் சாப்பிடுகிறவன் எழுந்துவிடுவான். அடி தெரியாதபடி ஊற்றிக்கொண்டேயிருந்தால்?

பிறரைச் சொல்லுமுன் என்னைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில், தோட்டத்து லயமொன்றில் படுக்கையிலிருந்த முதியவர் ஒருவருக்கு நற்கருணை கொண்டுபோனேன். நன்மை வாங்கிய பின் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, ஒங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும், ரொம்ப நாளா நெஞ்சில கெடக்கு," என்று தொடங்கினார். தொடங்குவதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. அந்நேரம் என் அங்கிப் பையில் போன் அதிர்ந்தது. ஒருமுறை, இருமுறை, மூன்றாம் முறை. நான் அதைப் பேசுவதற்காக எடுக்கவில்லை. யாரென்று பார்த்தேன், அவ்வளவுதான். குழுவொன்றில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து. தலை நிமிர்ந்தபோது அவர் கையை எடுத்துவிட்டிருந்தார். "போயிட்டு வாங்க சாமி, ஒங்களுக்கு வேலை இருக்கும். பெறகு பேசிக்கலாம்," என்றார். நான் எவ்வளவோ வற்புறுத்தியும் வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த வியாழக்கிழமை அவர் இறந்து போனார். அவருடைய அடக்கப் பூசையில் நான் செய்த பிரசங்கத்தைப் பலர் மெச்சினார்கள். அவர் நெஞ்சில் கிடந்தது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்பர்களே, ஓய்வுநாளைப் பற்றிய கட்டளையை நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்தோம். ஆனால் வேதாகமத்தில் அது இரண்டு இடங்களில், இரண்டு வேறு காரணங்களுடன் வருகிறது என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தில் சொல்லப்படும் காரணம், ஆறு நாளில் உலகைப் படைத்த இறைவன் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமம் ஐந்தாம் அதிகாரமோ படைப்பைப் பற்றிப் பேசவேயில்லை. நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், ஆண்டவர் உன்னை மீட்டார், அதை நினைத்துக்கொள் என்கிறது. ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாறட்டும் என்கிறது. மாட்டையும் கழுதையையும்கூட மறக்கவில்லை.

எகிப்தில் நடந்தது என்ன? யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பார்வோன் செங்கல்லுக்கு வேண்டிய வைக்கோலை நிறுத்திவிட்டான். ஆனால் செங்கல் எண்ணிக்கையில் ஒன்று குறையக்கூடாது என்றான். இதை நமது தோட்டப்புற மக்களுக்கு விளக்கவேண்டியதில்லை. மழையில்லாமல் கொழுந்து வராத காலத்திலும் கிலோக் கணக்கு குறையாது என்றால் அதன் பொருள் என்னவென்று அவர்களுடைய கைகளுக்குத் தெரியும். கிலோ குறைந்தால் அரைப்பேர். அடிமைக்கு நாட்கள் உண்டு, வாரம் கிடையாது. எல்லா நாளும் ஒரே நாள். அந்த மக்களை வெளியே கொண்டுவந்த இறைவன் அவர்களுக்குத் தந்த முதற் சுதந்திரங்களுள் ஒன்று, எண்ணிக்கை கேட்கப்படாத ஒரு நாள். அன்றைக்குப் பெரட்டு இல்லை, செக்ரோல் இல்லை, துரைக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை.

அந்த எண்ணிக்கை இப்போது வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது. பதினான்கு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி தன் படத்தை முகநூலிலோ டிக்டொக்கிலோ போட்டுவிட்டு, எத்தனை பேர் விரும்பினார்கள் என்று இரவு பதினொரு மணிவரை எண்ணிக்கொண்டிருக்கிறாள். அது யார் கேட்கிற கணக்கு? அவளுக்கு யார் சம்பளம் தருகிறார்கள்? அவள் எண்ணி எண்ணிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் விளம்பரம் விற்கிறவனுக்குக் காசு விழுகிறது. பேர் போடாமலே செய்யும் வேலை அது.

நமது மறைமாவட்டத்துக்கு நெருங்கிய தொடர்புள்ள ஒரு பாப்பரசரை இங்கே நினைவுகூர்கிறேன். அம்பிட்டியவில் 1893 ஆம் ஆண்டு பாப்புக் குருமடத்தை நிறுவிய பதின்மூன்றாம் சிங்கராயர், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொழிலாளர் நிலை பற்றிய தமது புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டார். அதில் ஞாயிறு ஓய்வு தொழிலாளியின் உரிமை என்று வற்புறுத்திய அவர், ஓய்வு என்பது சோம்பிக் கிடப்பதோ காசைச் செலவழித்துக் கெட்டுப்போவதோ அல்ல, இறைவனோடு சேர்ந்த ஓய்வே ஓய்வு என்றும் காட்டினார். 2025 மே மாதம் தெரிவுசெய்யப்பட்ட இன்றைய பாப்பரசர் சிங்கராயர் என்ற பெயரையே எடுத்துக்கொண்டார். பதின்மூன்றாம் சிங்கராயர் இயந்திரத் தொழிற்சாலைகளின் காலத்தில் மனித மாண்புக்காகப் பேசினார், இன்று செயற்கை நுண்ணறிவின் காலத்தில் அதே கடமை திருச்சபைக்கு இருக்கிறது என்று அவர் கர்தினால்மாருக்குக் காரணமும் சொன்னார். புகைபோக்கியின் கீழ் நின்ற தொழிலாளிக்காக எழுதப்பட்டது, கட்டிலில் படுத்துக்கொண்டு திரையைத் தள்ளுகிறவனுக்கும் பொருந்துகிறது.

சரி, போனை மூடிவிட்டால் ஓய்வு வந்துவிடுமா?

கண்டி மக்களாகிய நமக்கு இதற்குப் பதில் தெரியும். 2018 மார்ச் மாதத் தொடக்கத்தில் என்ன நடந்ததென்று மறந்திருக்க மாட்டோம். ஒரு தெருத் தகராறில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, தீ வைக்கப்பட்டன. அத்தீயை ஊர் ஊராகக் கொண்டுபோனதில் கைத்தொலைபேசிக்குப் பெரும் பங்கிருந்தது. 6 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. 7 ஆம் திகதி அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. முகநூல் மீதான தடை 15 ஆம் திகதிதான் நீங்கியது. இந்நாட்டில் வெறுப்பைப் பரப்பத் தங்கள் தளம் பயன்பட்டதற்காக அந்த நிறுவனமே 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது.

அந்த ஒரு வாரம் நமக்கு ஓய்வாயிருந்ததா? இல்லை. ஊரடங்கில் அடைபட்டு, தெருமுனையில் என்ன நடக்கிறதென்று தெரியாமல் தவித்தோம். தடையைச் சுற்றிப்போகும் வழியைப் பிள்ளைகள் ஒரே நாளில் கண்டுபிடித்துப் பெரியோருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். வாய் மூடியிருந்ததே தவிர மனம் மூடவில்லை. தடைக்கு முன்பு வந்த வதந்திகளில் சிலவற்றைத் தாங்களும் யோசியாமல் பிறருக்குத் தள்ளிவிட்டதாகப் பிற்பாடு நம்மவர் சிலர் என்னிடம் வருந்திச் சொன்னார்கள். "கோயில் வாசல்ல நின்னுதான் சாமி அனுப்பினேன், பூசை தொடங்கறதுக்குள்ள அனுப்பிடணும்னு," என்றார் ஒருவர். அவசரம்! பார்த்ததை உடனே தள்ளிவிட வேண்டும் என்ற அந்த அவசரம் இல்லாதிருந்தால், ஒரு பூசை நேரமாவது அது அவர் கையிலேயே கிடந்திருந்தால், அனுப்புமுன் ஒரு முறை யோசித்திருக்க மாட்டாரா?

2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றபோது போன்களும் செத்துக் கிடந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் நமது மலைகள் சரிந்தபோது, கம்பங்கள் விழுந்து தொடர்பற்றுப்போன ஊர்களில் உறவினர் உயிரோடிருக்கிறார்களா என்று தெரியாமல் மக்கள் பட்ட பாட்டை நான் எழுதவேண்டியதில்லை. பறிக்கப்பட்டதால் வரும் மௌனத்துக்கு ஓய்வு என்று பெயரில்லை. விரும்பிக் கொடுத்தால்தான் அது காணிக்கை.

விரும்பிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். யூத மக்கள் வெள்ளி சூரியன் மறைந்தது முதல் சனி இரவு வரை தங்கள் சாபத்தை அனுசரிக்கிறார்கள். ஓய்வுநாளில் வீட்டில் நெருப்பு மூட்டலாகாது என்ற மோயீசன் காலத்துக் கட்டளையை மின்சாரத்துக்கும் பொருத்தி, கட்டுப்பாடுள்ள குடும்பங்கள் அன்று சுவிட்சைத் தொடுவதில்லை, தொலைபேசியை எடுப்பதில்லை. ஆனால் ஓர் உயிர் ஆபத்திலிருந்தால் இந்த விதிகளெல்லாம் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பதும் அவர்களுடைய விதியே. இத்தாலியில் மொடேனா மறைமாவட்டம் 2009 ஆம் ஆண்டுத் தபசு காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் குறுஞ்செய்தி அனுப்பாமல் ஒருசந்தி இருக்கும்படி இளைஞரைக் கேட்டது. அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று என்னைத் தொட்டது. கைத்தொலைபேசிக்கு வேண்டிய கொல்டான் என்னும் தாதுவுக்காகக் கொங்கோ நாட்டில் இரத்தம் சிந்தப்படுவதை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாறட்டும் என்ற உபாகமத்தின் குரல் அது.

நமக்கு இன்னும் அருகில், இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் சாங்லி மாவட்டத்து வட்காவ் என்னும் ஊரில், 2022 ஆகஸ்ட் முதல் ஒவ்வொரு மாலையும் ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து ஒரு சைரனை ஒலிக்கச் செய்கிறார்கள். ஒன்றரை மணிநேரம் ஊர் முழுவதும் போனையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிட வேண்டும். கொரோனாக் காலத்தில் படிப்பதற்கென்று பிள்ளைகள் கையில் கொடுத்த போன் பிறகு கையைவிட்டு இறங்கவில்லை என்பதால் வந்த ஏற்பாடு. முதலில் சிரித்தவர்களும் உண்டாம். பெரியவர்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்களாம். அவர்கள் சைரனை ஒலிக்கச் செய்கிறார்கள். நமக்கு மாலைத் திரிகால மணி இருக்கிறது, அது அடித்துக்கொண்டேயிருக்கிறது.

இவற்றையெல்லாம் வாசித்த உற்சாகத்தில் நானும் ஓர் ஏற்பாட்டைச் செய்தேன். கடந்த திருவருகைக் காலத்தில் ஒரு ஞாயிறு பிரசங்கத்தில், சனி மாலை மணியிலிருந்து ஞாயிறு மாலை மணிவரை வீட்டிலுள்ள எல்லாப் போன்களையும் ஒரு பெட்டியிலிட்டு மூடிவையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பூசை முடிந்து பலர் "நல்ல யோசனை பாதர்" என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப்பேர் சொல்லும்போதே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக ஒரு மூதாட்டி வந்தார். தோட்டத்தில் ஓய்வுபெற்றவர். மகள் சவூதியில் ஒரு வீட்டில் வேலை. பேரப்பிள்ளைகள் இருவர் இவரிடம்.

"சாமி, ஞாயித்துக்கெழம பத்து மணிக்குத்தான் எம்மக பேசுவா. மத்த நாள்ல வீட்டுக்காரங்க விட மாட்டாங்க. சின்னவனுக்கு அம்மா மொகமே அந்தப் போனுலதான். அதையும் மூடிடணுங்களா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. பெட்டி, பூட்டு, மணி என்று பெரிதாகத் திட்டம் போட்ட எனக்கு அந்தப் பத்து மணி தோன்றவேயில்லை. பரிசேயர் எப்படி உருவாகிறார்கள் என்பதை அன்று என்னிலேயே கண்டேன். கெட்ட மனதினால் அல்ல. நல்ல சட்டம் ஒன்றைப் போட்டுவிட்டு, அது யார் தலையில் விழும் என்று பாராமல் வீட்டுக்குப் போய்விடுவதினால்.

ஓய்வுநாள் மனிதனுக்காகவே உண்டானது என்று ஆண்டவர் கற்பித்ததை மாற்கு எழுதிவைத்திருக்கிறார். கிணற்றில் விழுந்த மாட்டை ஓய்வுநாளிலும் தூக்கிவிடுவீர்கள் அல்லவா என்று அவர் கேட்டதை லூக்கா சொல்கிறார். சூம்பிய கையுடையவனை அவர் அடுத்த நாள் வரச்சொல்லவில்லை. அப்படியானால் அந்தத் தாயின் குரல் பிள்ளையின் காதில் விழும் அரைமணி நேரம் ஓய்வுநாளை மீறுவதா? அதுவே அந்த வீட்டின் ஓய்வுநாள். உலகத்தில் பிறர் வீட்டு அடுப்படியில் வேலைசெய்யும் பெண்களுக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணிநேர ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழில் அமைப்பு 2011 இல் உடன்படிக்கை ஒன்றை எழுதியது. மோயீசன் எழுதியதைத்தான் மறுபடியும் எழுதியிருக்கிறார்கள். அந்த மகளுக்கு அது எட்டவில்லை. அவளுக்குக் கிடைத்தது ஞாயிறு பத்து மணி. அதையும் நான் பெட்டிக்குள் போட இருந்தேன்.

ஆகையால் என் சொல்லைத் திருத்திக்கொள்கிறேன். கேட்கவேண்டிய கேள்வி, போன் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதன்று. அந்த நேரத்தில் அது என்னை ஒரு மனிதரிடம் கொண்டுபோகிறதா, என் முன்னால் இருக்கும் மனிதரிடமிருந்து கொண்டுபோய்விடுகிறதா என்பதே. பத்து மணிக்குப் பேத்தியும் பேரனும் பாட்டியும் ஒரே போனுக்கு முன் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். பத்தரைக்கு அதை மூடி அடுக்களைத் தட்டில் வைத்துவிடலாம். அந்த லயத்துக்கு அடுத்த வீட்டில் நான்கு பேர் நான்கு மூலையில் நான்கு போன்களோடு இருக்கிறார்கள். தூரத்திலுள்ளவள் பக்கத்திலிருக்கிறாள், பக்கத்திலிருப்பவன் தூரத்திலிருக்கிறான்.

இன்னொன்றும் அந்த மூதாட்டியிடம் கற்றேன். உபாகமத்தின்படி ஓய்வு என்பது நான் ஓய்வது மட்டுமன்று. என்னால் வேலை வாங்கப்படுகிறவரை விட்டுவைப்பது. சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மறையாசிரியர் குழுவுக்கு வட்ஸ்அப்பில் அறிவித்தல் போடும் பழக்கம் எனக்கு உண்டு. மறுநாள் அவர்கள் அதற்காகக் காலையில் ஓடுவார்கள். இது என் ஞாயிற்றின் செங்கல்லை அவர்கள் தலையில் ஏற்றுவதல்லவா? ஆசிரியர்களே, ஞாயிறு இரவில் வகுப்புக் குழுவில் வீட்டுவேலை அனுப்பாதீர்கள். ஆட்களை வைத்து வேலைவாங்கும் முதலாளிமாரே, ஞாயிறன்று நீங்கள் அனுப்பும் ஒரு சின்ன "மறந்துடாதே" என்ற வரி அந்த மனிதனின் மத்தியானச் சோற்றைக் கெடுத்துவிடும். பெற்றோரே, ஞாயிறு காலை மறைக்கல்வி நேரத்திலேயே பிள்ளைக்கு சூம் டியூசனைப் போட்டுவிட்டு, பிள்ளை கோயிலுக்கு வருவதில்லை என்று என்னிடம் முறையிடாதீர்கள். புலமைப்பரிசில் பரீட்சை முக்கியந்தான். பத்து வயதில் வாரத்துக்கு ஒரு காலைகூட இல்லாத பிள்ளை எதை வென்று என்ன செய்யும்?

கோயிலுக்குள்ளேயும் பார்ப்போம். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2017 நவம்பரில், குரு இதயத்தை மேலே எழுப்பச் சொல்லும்போது போனை மேலே தூக்குகிறார்களே என்று வருந்தினார். விசுவாசிகள் மட்டுமல்ல, குருக்களும் ஆயர்களும் அதைச் செய்கிறார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். 2019 திருக்குடும்பத் திருநாளன்று, சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு மௌனமாயிருக்கும் குடும்பங்களைப் பற்றியும் பேசினார். 2019 உயிர்த்த ஞாயிறு நமது சகோதரர்களின் இரத்தத்தில் தோய்ந்த பின்பு, அடுத்த ஞாயிறு கொழும்பில் பூசையைத் தொலைக்காட்சியில்தான் கண்டோம். அதற்கடுத்த ஆண்டு கொரோனா வந்து யூரியூப்பில் பூசை காணப் பழகினோம். அக்காலத்தில் அது நமக்குப் பெரும் ஆறுதல், மறுக்கமாட்டேன். ஆனால் கோயில் திறந்த பிறகும், வரமுடிந்தவர்கள்கூட அடுக்களையில் காய் வெட்டிக்கொண்டே பூசை "கேட்கும்" வழக்கம் சில வீடுகளில் தங்கிவிட்டது. 304 ஆம் ஆண்டில் வட ஆபிரிக்காவின் அபித்தீனை ஊர்க் கிறிஸ்தவர்கள், கர்த்தருடைய நாளின் கூட்டமில்லாமல் தங்களால் இருக்கமுடியாது என்று நீதிபதியின் முன் சொல்லி உயிரைக் கொடுத்தார்கள். கூட்டம் என்றார்கள். ஒருவர் தோள் ஒருவர்மேல் பட உட்கார்ந்த கூட்டம்.

முயன்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு, நான் பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் மணிநேரம் மோசமாயிருக்கும். கை சும்மா பையைத் தேடும். பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல. அதிராத போன் அதிர்ந்ததாகத் தோன்றும். அப்போது எழுந்து எங்கேயாவது போய்விடுவது நல்லது. நான் முதல் ஞாயிறு மத்தியானம் குளக்கரையைச் சுற்றி நடந்தேன். பல ஆண்டுகள் கண்டியில் இருந்தும், அந்த மதிலோரம் உட்கார்ந்திருக்கும் கடலைக்காரரோடு பேசியது அன்றுதான். அவர் நமது பங்கைச் சேர்ந்தவர் என்பதும் அன்றுதான் தெரிந்தது. பூசைக்கு வருவதில்லையா என்று கேட்டேன். "வாரேனே பாதர், பின்னால தூணோரம்தான் நிப்பேன்," என்றார்.

தகப்பன்மார் முதலில் வைக்கவேண்டும். தாம் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையின் போனைப் பறித்தால் அது ஓய்வுநாள் அல்ல, தண்டனை. பெட்டியும் பூட்டும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு தட்டு போதும். முழு நாள் முடியாவிட்டால் பூசையிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடியும்வரை என்று தொடங்குங்கள். வெளிநாட்டிலிருந்து பேசுகிறவர்களுக்கு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அந்நேரம் வீட்டார் எல்லோரும் அதன் முன் இருக்கட்டும். நோயாளி உள்ள வீட்டிலும், பிள்ளைப்பேறு பார்த்திருக்கும் வீட்டிலும், மழைநாளில் மண்சரிவு எச்சரிக்கை உள்ள லயங்களிலும் போன் திறந்தே இருக்கவேண்டும். இதில் தர்க்கம் வேண்டாம்.

வரும் ஞாயிறு முதல் இவ்விதழின் ஆசிரியருடைய கைத்தொலைபேசி, சனி மாலைத் திரிகால மணி தொடக்கம் ஞாயிறு மாலைத் திரிகால மணிவரை அறைவீட்டு அலுமாரியில் இருக்கும். கட்டுரையும் திருத்தமும் அனுப்புவோர் திங்கட்கிழமை வரை பொறுத்தருள வேண்டும். நோயில் பூசுதலுக்கு அழைக்கவேண்டியவர்கள் அறைவீட்டுத் தொலைபேசியில் எந்நேரமும் கூப்பிடலாம். நேரில் வருவோர் வாசல் மணியை அடித்தால் போதும். நானே வந்து திறப்பேன். ஞாயிறு காலை பத்திலிருந்து பத்தரை வரை மட்டும் நான் அறைவீட்டில் இருக்கமாட்டேன். அந்தச் சின்னவன் தன் அம்மாவுக்கு என்னைக் காட்டவேண்டுமாம், லயத்துக்கு வரச்சொல்லியிருக்கிறான்.